பாலம் ஆட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை

அறுபது பேர் வேண்டும் என்றார்கள். ஒரே நேரத்தில், ஒரே தாளத்துக்கு, ஒரே காலை எடுத்து வைத்து நடக்கக்கூடிய அறுபது பேர். கேட்டது பாலங்களுக்கென்றே பெயர் போன ஒரு டென்மார்க் கட்டடக்கலை நிறுவனம். கேட்ட இடம் இத்தாலியில், பலெர்மோவில், கபோ சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் பாலங்கள் வரைகிற எங்கள் சின்னக் கந்தோர். "நான் கொண்டுவருகிறேன்" என்று முந்திக்கொண்டு சொன்னது நான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தக் கந்தோரில் சேர்ந்து எனக்கு அப்போது பத்து வாரம்தான். மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் வைத்துக்கொள்வோம் என்று சேர்த்திருந்தார்கள். அதற்கு முந்திய பதினாலு வருடமும் நான் இந்த ஊர் சிஞ்ஞோராக்கள் என்கிற வீட்டம்மாக்களின் வீடுகளைத் துடைத்தேன், அவர்கள் கணவன்மாரின் சட்டைகளுக்கு அயன் பிடித்தேன், அவர்கள் தாய்மாரைக் குளிப்பாட்டினேன். யாழ்ப்பாணத்தில் படவரைஞராகப் படித்து, இரண்டு வருடம் மதகுகளும் சின்னப் பாலங்களும் வரைந்தவள் நான் என்று ஒரு வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அந்த சிஞ்ஞோரா மிகவும் சந்தோஷப்பட்டு, அப்படியென்றால் சுவரில் படங்களை நேராக மாட்டத் தெரியுமே என்று சுத்தியலை எடுத்துத் தந்தார். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் விடவும் இல்லை. கணினியில் வரைவதை ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து படித்தேன். என் கணவர் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறார், அவரும் ஞாயிறு பின்னேரம்தான் வீட்டில் இருப்பார். அந்த ஒரு பின்னேரத்தையும் மடிக்கணினிக்குக் கொடுத்தேன் என்று அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். வாயால் சொல்ல மாட்டார், தேத்தண்ணியைக் கொண்டுவந்து சத்தமாக வைப்பார்.

கடைசியாக வேலை செய்த வீட்டு சிஞ்ஞோராவிடம் வேலையை விட்டு நிற்கப்போகிறேன் என்று சொன்னபோது, மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடுவாய், உன் இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார். என் கன்னத்தைத் தட்டி, அன்பாகத்தான் சொன்னார். அவர் அதை அன்பாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து மறந்திருப்பேன்.

இந்த ஊரில் பாலம் பற்றி ஒரு பகிடி உண்டு. இங்கே உள்ள மிகப் பழைய கல்பாலத்தின் கீழே ஆறு இல்லை, எப்போதோ திருப்பிவிட்டார்கள். ஆற்றுக்குப் பாலமில்லை, பாலத்துக்கு ஆறில்லை என்று சந்தையில் சிரிப்பார்கள். நாங்கள் கட்டியது ஒரேத்தோ ஆற்றுக்குக் குறுக்கே, நடந்து போவதற்கு மட்டுமான பாலம். டென்மார்க்கில் இருந்து வடிவம் வரும், இங்குள்ள சட்டத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ற மாதிரி எங்கள் கந்தோர் அதை விரித்து வரையும். எங்கள் இஞ்ஞெஞ்ஞேரே, அதாவது கந்தோரின் சொந்தக்காரரான பொறியியலாளர், நல்ல மனிதர். அவசரக்காரர். அவருக்கு ஆங்கிலம் சரிவராது, அதனால் டென்மார்க்காரருடன் பேசுவதும் என் தலையில்.

டென்மார்க்காரரின் வேலைமுறை எனக்கு முதலில் விளங்கவில்லை. கைப்பிடிச் சட்டத்தை வரைந்து அனுப்பினால் போதாதா? இல்லை. இரண்டு மீற்றர் நீளத்துக்கு மரத்தில் அதேபோலச் செய்து அனுப்பினார்கள். அது ஒரு மாதம் எங்கள் வாசலில் நின்றது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதில் கைவைக்க வேண்டும், சாய வேண்டும், என்ன தோன்றுகிறது என்று சொல்ல வேண்டும். தபால்காரர் சாய்ந்து நின்று கால்மணி நேரம் தன் மருமகனைப் பற்றிக் குறை சொன்னார். அதையும் எழுதி அனுப்பு என்றார்கள். அவ்வளவு நேரம் ஒருவர் வசதியாகச் சாய்ந்து நின்றார் என்பது அவர்களுக்கு முக்கியமாம்.

அவர்களின் பொறுப்பாளர் ஒரு பெண், அறுபதை நெருங்கிய, நெட்டையான, சத்தம் போடாத மனுசி. பெரியவர் என்ற பந்தா கிடையாது. கதிரை தூக்க வேண்டுமென்றால் முதலில் தூக்குவது அவர்தான். கடைசி உத்திரம் ஏறிய நாளில் அவர்கள் ஊர் வழக்கப்படி பாலத்தின் நடுவில் ஒரு இலை வளையம் கட்டித் தொங்கவிட்டு, வேலைக்காரர் எல்லாருக்கும் சாப்பாடு போட்டார். அவர்கள் ஊர் மரம் இங்கே கிடைக்காததால் சியாகுல்லித் தோட்டங்களில் இருந்து மண்டரின் தோடை மரக் கிளைகள் வெட்டி வந்து கட்டினார்கள்.

திறப்பதற்கு முன் இந்தப் பாலம் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் நடந்தால் ஒன்றும் ஆகாது. நிறையப் பேர் கால் சேர்த்து நடந்தால், மெல்லிய பாலம் பக்கவாட்டில் அசையத் தொடங்கும். எவ்வளவு அசைகிறது என்று தெரிந்தால்தான் அடக்க முடியும். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வருவதாக இருந்தது. பரீட்சை வந்துவிட்டது, வர முடியாது என்றுவிட்டார்கள். இஞ்ஞெஞ்ஞேரே தலையில் கைவைத்தபோதுதான் நான் வாயைத் திறந்தேன்.

எனக்குத் தெரிந்த அறுபது பேர் எங்கள் தமிழ்க் கோயில் பங்கு ஆட்கள். மன்னார், யாழ்ப்பாணம், தீவுப்பக்கம் என்று எல்லா இடத்தில் இருந்தும் வந்தவர்கள். வருடாவருடம் மடுமாதாவின் சுருவத்தை, அந்தச் சிலையை, இந்த ஊர்த் தெருக்களில் தோளில் காவிச் சுற்றுப்பிரகாரம் வருவார்கள். கனத்த மரக் கூடு, நீளமான தடிகள், இருபத்துநாலு ஆம்பிளைகள். பல்லரோ சந்தைப்பக்கத்துக் கல்லுக் கல்லான தெருவிலும் மாதா தண்ணீரில் மிதக்கிறமாதிரி வருவா. தலையில் வைத்த பொன்முடி அசையாது, ஒரு மெழுகுதிரி அணையாது. பதினாலு வருடமும் முன்னால் நின்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்கலங்கியவள் நான். எனவே டென்மார்க்காரியிடம் பெருமையோடு சொன்னேன், இவர்களைப்போலக் கால் சேர்த்து நடக்கிறவர்கள் சிசிலி முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள் என்று. அவர் அதைக் குறித்துக்கொண்டார். சோதனை ஞாயிறு நடக்கும், அது முடிந்தபின் உன் விஷயம் பேசுவோம் என்றார் இஞ்ஞெஞ்ஞேரே. என்னுடைய மூன்று மாதம் முடிவது அதற்கு அடுத்த வெள்ளி.

ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வந்தார்கள். பாலம் நடக்கத்தானே என்று சொல்லியும் பெண்கள் நல்ல சேலையோடு வந்தார்கள். ஒருத்தி மட்டும் அவசர வேலைக்குப் போய்விட்டாள், ஐம்பத்தொன்பது பேர். நடுவில் காய்ந்து தொங்கிய இலை வளையத்தைக் கண்டதும் ஒரு அக்கா சிலுவை போட்டுவிட்டு, இதிலை விழுந்து செத்தது ஆர் என்று என்னிடம் மெல்லக் கேட்டா. எங்களுக்கு வளையம் என்றால் சாவீடுதானே. விளங்கப்படுத்தினேன். அவ நம்பவில்லை, அந்த இடம் வரும்போதெல்லாம் ஓரமாக ஒதுங்கியே நடந்தா.

ஒவ்வொருவர் நெஞ்சிலும் இலக்கம் ஒட்டினோம். பாலத்தின் தளத்தில் சிறு பெட்டிகள் ஒட்டியிருந்தன, அசைவை அளக்க. அசைவு கோடாகக் கணினித் திரையில் ஓடும். ஒலிபெருக்கியில் டொக், டொக் என்று தாளம் வரும், ஒவ்வொரு டொக்குக்கும் ஒரு கால். முதலில் பெண்கள் இருபது பேர் நடந்தார்கள். திரையில் கோடு கொஞ்சம் எழும்பி எழும்பி விழுந்தது. பிறகு சுருவம் காவுகிற ஆம்பிளைகளைச் சேர்த்தோம், கடைசியில் எல்லாரையும். கோடு எழும்ப வேண்டும். எழும்பவில்லை. ஆள் கூடக் கூடக் கோடு படுத்தது. எல்லாரும் ஏறியபோது பாலம் நிலத்தில் கிடக்கிற சீமெந்துமாதிரி அசையாமல் கிடந்தது.

இஞ்ஞெஞ்ஞேரேக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாரம் கூடினதும் பாலம் அமர்ந்துவிட்டது, அற்புதமான பாலம், சனத்துக்கு நன்றி சொல்லு, சாப்பாட்டைத் திற என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கணினியை மூடப்போனார். டென்மார்க்காரியோ பாலத்தின் முனைக்குப் போய், தளத்தில் ஓரமாகக் குப்புறப் படுத்தார். கன்னத்தைப் பலகையில் வைத்துக்கொண்டு, இன்னொருதரம் நடக்கச் சொல் என்றார். மயங்கி விழுந்துவிட்டா என்று எங்கள் அக்காமார் தண்ணிப் போத்தலோடு ஓடிவந்தார்கள். அவர்களைத் தடுத்துவிட்டு, நானும் பக்கத்தில் குந்தியிருந்து அவர் பார்க்கிற இடத்தைப் பார்த்தேன்.

கால்கள். பெண்களின் கால்கள் டொக் என்றதும் விழுந்தன. ஆம்பிளைகளின் கால்கள் ஒன்றுகூடச் சேர்ந்து விழவில்லை. முன்னால் போகிறவன் வைத்து அரைக் கணம் கழித்துப் பின்னால் வருகிறவன் வைத்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் இன்னும் கொஞ்சம் பிந்தி. அவர்களுக்கு நடுவில் அகப்பட்ட பெண்களும் கொஞ்சநேரத்தில் தாளம் தவறினார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழும்பிப் போய், சுருவம் காவுகிறவர்களில் ஒருவரான என் கணவரைத்தான் பிடித்தேன். பூசை, சாப்பாடு எல்லாத்துக்கும் வரத் தெரியும், ஒரு காலை ஒழுங்காக வைக்கத் தெரியாதா என்று சனத்துக்கு முன்னாலேயே கேட்டேன்.

"ஒழுங்காத்தான் வைக்கிறம்" என்றார் அவர். "நீர் ஒருநாளும் தடிக்குக் கீழை நிக்கேல்லை. அதாலை உமக்குத் தெரியாது."

பக்கத்தில் நின்ற மூப்பர், எங்கள் பங்கில் சுற்றுப்பிரகாரத்தை நடத்துகிறவர், எனக்குப் பொறுமையாகச் சொன்னார். "பிள்ளை, கால் சேர்ந்தால் மாதா தலையாட்டுவா. முடி விழும். முன்னுக்கு ஒருத்தன் நிண்டால் எங்கடை கால் தானாப் பிந்தும். இப்ப சேர்த்து வையெண்டால் எங்களுக்கு ஏலாது."

பதினாலு வருடம் மாதாவின் முகத்தைப் பார்த்தேன், ஒருமுறைகூடக் கீழே கால்களைப் பார்க்கவில்லை. அவ அசையாமல் வருவது அவர்கள் கால் சேராததால். ஆட வைக்கத் தேவையான ஆட்கள் என்று நான் பெருமையடித்துக் கூட்டிவந்தது, எதையும் ஆடவிடாமல் நடக்கவே பழகிய ஆட்களை. வெட்கத்தில் காது சுட்டது.

டென்மார்க்காரி தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பி வந்து, இவர்கள் சேர்ந்துதான் நடந்தார்களா என்று என்னிடம் கேட்டார். இஞ்ஞெஞ்ஞேரே எனக்குப் பின்னால் நின்று, அளந்தது மெஷின், மெஷின் சொன்னது நல்ல சேதி, நீ காலைப் பற்றி ஏன் கதைக்கிறாய் என்று முணுமுணுத்தார். அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை, முடிக்கச் சொன்னார். ஓம் என்ற ஒரு சொல் போதும். அறிக்கை போகும், பாலம் திறக்கும், வெள்ளிக்கிழமை என் கையில் வேலைக் கடதாசி இருக்கும். இல்லையென்றால் இன்னொரு ஞாயிறு, இன்னொரு அறுபது பேர், அதற்குள் நான் சிஞ்ஞோராவின் குளியலறையில் நிற்பேன். அந்தக் குளியலறை ஓட்டின் நிறம்கூட அந்த நேரம் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் இந்த ஊர்த் திருவிழாவில் பாண்ட் வாத்தியக்காரர் நாற்பது பேர் எப்படி நடப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். அவர்கள் கால் சேர்த்துத்தான் நடப்பார்கள், நாளைக்கு இந்தப் பாலத்திலும். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த மேளத்துக்கே கால் வைப்பார்கள்.

இல்லை, என்றேன். இவர்கள் சேர்ந்து நடக்கவில்லை, நடக்கவும் வராது, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன், பிழை என்னுடையது. ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, இஞ்ஞெஞ்ஞேரேக்கு இத்தாலியனில் இன்னும் சத்தமாகச் சொன்னேன். கோபம் வந்தால் எனக்கு எந்த மொழியிலும் இலக்கணம் சரியாக வரும்.

டென்மார்க்காரி கோபிக்கவில்லை. மூப்பரைக் கூப்பிட்டு, அந்தப் பிந்துகிற நடையைத் திரும்ப நடந்து காட்டச் சொல்லி, படம் பிடித்துக்கொண்டார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, மாலை வரை நேரம் இருக்கிறது, இவர்களை உனக்குத்தான் தெரியும், என்ன செய்யலாம் என்று என்னிடமே கேட்டார்.

கீழே பார்த்து நடக்கச் சொன்னேன். ஆளை ஆள் இடித்தார்கள். சத்தமாக எண்ணச் சொன்னேன். எண்ணிக்கை சேர்ந்தது, கால் சேரவில்லை. முன்னுக்கு ஒருத்தன் நின்றால் என்று மூப்பர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. முன்னால் ஆள் நிற்பதுதானே இவர்களைக் கெடுக்கிறது? வரிசைகளை விலக்கி, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்? பக்கத்தில் நிற்பவள் தாளம் தவறாதவளாக இருந்து, கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனால்?

எல்லாரும் அவரவர் மனுசியின் கையைப் பிடியுங்கோ, மனுசி இல்லாதவை பக்கத்திலை நிக்கிறவையின் கையைப் பிடியுங்கோ என்றேன்.

ஐம்பத்தொன்பது பேரும் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள். பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, சிலர் பேரப்பிள்ளையும் கண்ட ஆட்கள். ஒருவரும் தெருவில் கைகோத்து நடந்தது கிடையாது. அதுவும் மூப்பருக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு. ஆம்பிளைகள் ஆற்றையும் நாணலையும் பார்த்தார்கள். பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்கள். என் வேலை போனது என்று நினைத்தேன்.

மூப்பரின் மனைவிதான் முதலில் அசைந்தா. "என்ன யோசிக்கிறியள், பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டு அவரது கையைத் தானே எடுத்துக்கொண்டா. மூப்பரே பிடித்துவிட்டார் என்றதும் மற்றவர்களுக்கு வேறு வழியில்லை. சிரிப்பும் கூச்சமுமாக ஒவ்வொரு கையாகக் கோத்துக்கொண்டார்கள். ஒரு ஆள் குறைகிறதே என்று டென்மார்க்காரி என் கையில் இருந்த தாளைப் பறித்து, அறுபதாம் இலக்கத்தை என் நெஞ்சில் ஒட்டி, என்னையும் உள்ளே தள்ளிவிட்டார். என் கணவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சற்றுமுன் அவரைப் பேசியது ஞாபகம் வந்து எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. பிடித்துக்கொண்டேன். அவரது உள்ளங்கையில் குசினிச் சூட்டில் காய்த்த இடம் ஒன்று இருக்கிறது, அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

டொக், டொக். முதல் முறை ஒன்றுமில்லை. திரும்பி வந்தோம். இரண்டாம் முறை பாதி தூரத்தில் முழங்காலுக்குள் ஏதோ வித்தியாசமாக இருந்தது. பிறகு தெளிவாகத் தெரிந்தது. பாலம் இடது பக்கம் போய், யோசித்து, வலது பக்கம் வந்தது. தீவுக்குப் போகிற லோஞ்சுப் படகில் நிற்பதைப்போல எல்லாரும் அதோடு சேர்ந்து சாய்ந்தோம், சாயச் சாய அது இன்னும் ஆடியது. யாரோ மாதாவே என்றார்கள். வளையத்துக்கு ஒதுங்கிய அக்கா கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் தாளம் தவறாமல் நடந்தா. கரையில் டென்மார்க்காரி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் இஞ்ஞெஞ்ஞேரே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நல்லது, இப்போது தெரிகிறது என்றார் டென்மார்க்காரி. தளத்தின் அடியில் இதற்கென்றே அவர்கள் வெறும் இடம் விட்டு வைத்திருந்தார்கள். அதற்குள் கனமான எடைகளை விற்சுருளில் தொங்கவிடுவார்கள், பாலம் ஒரு பக்கம் போனால் அவை மறுபக்கம் இழுத்து அடக்கும். எவ்வளவு எடை, எந்த இடம் என்று இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியுமாம். பிறகு றோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தோம். டென்மார்க்காரி நாலு றோல்ஸ் சாப்பிட்டார். பாலத்தை விட்டு இறங்கியபிறகும் சிலர் கையை விட மறந்திருந்தார்கள், நாங்களும் அதில் ஒரு சோடி.

திங்கள் முதல் வியாழன் வரை இஞ்ஞெஞ்ஞேரே என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கும் ரோஷம் உண்டு. வெள்ளிக்கிழமை மேசை இலாச்சியில் இருந்த என் பேனைகளையும் தேத்தண்ணிக் கோப்பையையும் பையில் வைத்தேன். பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். உன்னால் எனக்கு எத்தனை கிழமை வேலை கூடிவிட்டது தெரியுமா என்று தொடங்கினார். எடைப்பெட்டிகளை வரைய வேண்டும், தாங்கிகளை வரைய வேண்டும், மூடிகளை வரைய வேண்டும். டென்மார்க்கில் இருந்து கடிதம் வந்திருக்கிறது, காலைப் பார்த்து உண்மை சொன்ன அந்தப் பெண்தான் வரைய வேண்டுமாம். ஆட்டினது நீ, அடக்கிறதும் நீயே செய் என்று ஒரு கடதாசிக் கட்டை என் முன்னால் தள்ளினார்.

ஒப்பந்தம். பதினாலு வருடத்தில் எந்த வீட்டிலும் எனக்கு ஒழுங்கான கடதாசி தந்ததில்லை. அதனால் அவர் முகத்துக்கு நேரே ஒவ்வொரு பக்கமாக முழுக்க வாசித்தேன். அவர் இரண்டு தரம் இருமினார். வாசித்து முடித்துத்தான் கையெழுத்து வைத்தேன்.

படியில் இறங்கும்போது சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்தேன். குரலைக் கேட்டதும், திங்கள் வருகிறாய்தானே, நான் சொன்னேனே என்றார். பாலம் ஆடுகிறது சிஞ்ஞோரா, என்னால் வர முடியாது என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றதும் விளங்கியது.

திங்கள் காலை எடைப்பெட்டியின் முதல் வரைபடத்தைத் திறந்தேன். ஒவ்வொரு தாளிலும் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், வரைந்தவர் என்று. யாழ்ப்பாணத்தில் அதை நான் பென்சிலால் நிரப்பியிருக்கிறேன். இந்த நாட்டில் என் பெயர் பெர்மெசோ என்கிற வதிவிட அட்டையிலும் டொக்டரின் அட்டையிலும் மட்டும்தான் இருந்தது. என் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் அதில் அடித்தேன். கொஞ்சநேரம் அழுதேன், கதவு சாத்தித்தான் இருந்தது. பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு முதல் கோட்டைப் போட்டேன்.